ஒரே மயக்கத்தில் ஆறு வேலை

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒரு விசேஷத்துக்குப் பந்தல் போட்டால், அதைப் பிரிப்பதற்குள் இன்னும் இரண்டை முடித்துவிடுவோம். மூத்தவளுக்குச் சீர், இளையவனுக்கு மொட்டை, அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து, கடைசியில் ஒரு கெடாவெட்டு. சமையல்காரர் ஒருவரே, மைக் செட்டும் ஒன்றே. சொந்தக்காரர்களும் ஒரே தடவையில் வந்து போய்விடுவார்கள். இதில் தப்பொன்றும் இல்லை. இதே யோசனையை நான் என் உடம்பின் மேல் நடத்திப் பார்த்தேன் பாருங்கள், அதுதான் தப்பு.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மார்பு பெரிது. (ஆண்பிள்ளை இதையெல்லாம் எழுதலாமா என்று கேட்காதீர்கள். அறுபது தாண்டிவிட்டது, இனி என்ன வெட்கம்.) கிணற்றில் குதிக்கப் போனால், "டேய், அம்மணி வந்துருச்சு, தள்ளி நில்லுங்கடா" என்று பையன்கள் கூவுவார்கள். எட்டாவதோடு நான் படிப்பை விட்டதற்கு வீட்டு நிலைமை பாதிக் காரணம். டிரில் வாத்தியார் சட்டையைக் கழற்றிவிட்டு ஓடச் சொன்னது மீதிப் பாதி.

அப்புறம் கருமத்தம்பட்டியில் சொந்தமாக நாலு விசைத்தறி போட்டேன். சித்திரை வெக்கையில் தறிக்குடோனுக்குள் எல்லாரும் வெற்றுடம்போடு நிற்பார்கள். நான் மட்டும் ஒரு பனியன், அதன் மேல் இன்னொரு பனியன், அதன் மேல் சட்டை. "மொதலாளிக்குக் குளுருதாட்ட இருக்குதுங்க" என்று தறிச் சத்தத்துக்கு மேலே கத்துவார்கள். நானும் ஆமாம் என்று தலையாட்டுவேன், வேர்வை வழிய.

இப்படியே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் என் மகள் கீர்த்தனாவுக்கு மூன்று வயதில் விடாத காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு, "சென்னிமலை முருகா, குழந்தை பொழச்சு எந்திரிச்சா மொட்டை போட்டுக் காவடி எடுத்து உன் படியேறி வாரேன்" என்று வேண்டிக்கொண்டேன். மூன்றாம் நாள் அவள் எழுந்து உட்கார்ந்து முறுக்குக் கேட்டாள். முருகன் தன் பங்கை முடித்துவிட்டார். காவடி எடுப்பவன் சட்டை போடக் கூடாது என்பது அதற்கு அப்புறம்தான் எனக்கு உறைத்தது.

ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஒரு சாக்கு. ஒரு வருஷம் இடுப்பு வலி, ஒரு வருஷம் தறியில் அவசர வேலை. எந்தப் பங்காளி வீட்டிலாவது இழவு விழுந்து தீட்டு என்றால், துக்கத்தோடு துக்கமாக உள்ளே ஒரு சின்ன நிம்மதி. (முருகன் மன்னிக்கட்டும். அந்தப் பங்காளிகளும் மன்னிக்கட்டும்.) இப்படிப் பதினேழு வருஷம் போயிற்று. மகளுக்கு ஜாதகம் எடுக்க ஆரம்பித்ததும் என் மனைவி சரசு ஒரே பிடியாகப் பிடித்தாள்.

"நேர்த்திக்கடன வெச்சுக்கிட்டுப் புள்ளைக்குக் கண்ணாலம் பண்ணக் கூடாதுங்க மாமா. இந்தத் தைப்பூசமும் தப்புச்சுன்னா நானே காவடியத் தூக்கிட்டுப் போயிருவேன்."

சட்டையைக் கழற்றக் கூசித்தான் இத்தனை சாக்கும் என்ற உண்மையை அன்றைக்குத்தான் அவளிடம் சொன்னேன். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷம் கழித்து. அவள் சிரிக்கவில்லை. என் சட்டைப் பொத்தானைப் பார்த்துவிட்டு, "கோயமுத்தூர்ல இதுக்கெல்லாம் டாக்டர் இருக்கறாங்களாமாங்க, போலாம்" என்றாள். மகளிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

டாக்டரம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நான் பாக்கெட்டிலிருந்து ஒரு காலண்டர் தாளை எடுத்து நீட்டினேன். அதன் பின்பக்கம் நான் எழுதியிருந்தது: மார்பு, வயிறு, இரட்டைத் தாடை, மூக்கோரத்து மரு, கண்ணுக்குக் கீழே பை, உச்சி மண்டையில் முடி.

"ஆறையும் ஒரே மயக்கத்துல முடிச்சுவிட்டுருங்க. திரும்பத் திரும்பத் தறிய நிறுத்த முடியாதுங்க" என்றேன்.

"இதென்னங்க, மளிகைச் சாமான் லிஸ்டாட்ட இருக்குது?"

"எம் பொண்ணுக்கு மொட்டை, காதுகுத்து எல்லாம் ஒரே நாள்லதானுங்க வெச்சோம்."

"காது குத்துன ஆசாரி மயக்க ஊசி போட்டாருங்களா?"

டாக்டரம்மா பேனாவை எடுத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். "மார்பும் தாடையும் கொழுப்பு எடுக்கற வேலைங்க, சேர்த்துச் செய்யலாம். ரெண்டரை மணி நேரம் ஆகும். மருவையும் அதோட எடுத்தரலாம், பத்து நிமிசம். வயித்தைச் சேர்க்க மாட்டேன். சேர்த்தா ஆறேழு மணி நேரம் அசையாம மயக்கத்துல கெடப்பீங்க. கால்ல ரத்தம் உறையும், அது நெஞ்சுக்கு ஏறுனா உயிருக்கு ஆபத்து. எத்தனை வேலைங்கறது பெருசில்லீங்க. எவ்வளவு நேரம், எவ்வளவு ரத்தம் போகும், உங்க ஒடம்பு எவ்வளவு தாங்கும், இதையெல்லாம் பார்க்கோணும்."

"கண்ணுக்குக் கீழ இருக்கற பைங்க?"

"நேரத்துல தூங்குங்க."

"முடிங்க?"

இதற்குச் சரசு முந்திக்கொண்டாள். "காவடிக்கு மொட்டை போடறவருக்கு எதுக்குங் டாக்டரம்மா முடி?"

ஆக, ஆறு மூன்றாகச் சுருங்கியது. ரத்தம், சர்க்கரை, இருதயம் எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அறுவைக்கு முந்தைய ராத்திரிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது, காலையில் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். சரசு மூன்று தடவை கேட்டுக்கொண்டாள்.

நாளைத் தேர்ந்தெடுத்தது நாங்கள்தான். கார்த்திகை நட்சத்திரம், முருகனுக்கு உகந்த கிருத்திகை. நல்ல காரியத்தை நல்ல நாளில் செய்வோம் என்ற எண்ணம். அன்றைக்கு எல்லாக் கோயிலிலும் விசேஷப் பூஜை என்பதும், விசேஷப் பூஜை என்றால் விசேஷப் பிரசாதம் என்பதும் எங்களுக்குத் தெரியாதா என்ன?

விடிகாலையில் குளித்து, சாமி அறையில் விழுந்து கும்பிட்டு, திருநீறு பூசினேன். டப்பாவில் பஞ்சாமிர்தம் இருந்தது. சரசுவே ஒரு கரண்டி எடுத்து என் கையில் வைத்தாள். பஸ் ஏறும் முன் எங்கள் ஊர்ப் பிள்ளையாரிடம் சொல்லிக்கொள்ளப் போனோம், குருக்கள் சுண்டல் கொடுத்தார். காந்திபுரத்தில் இறங்கியதும் ஒரு கடையிலிருந்து காப்பி வாசம். என் கால் தானாக நின்றது.

"ஏனுங்க, டாக்டரம்மா தண்ணிகூடக் கூடாதுன்னுட்டாங்க. அங்கென்ன பார்வை? நடங்க!" என்று சரசு என் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். இழுத்துக்கொண்டு போய் நிறுத்திய இடம், அடுத்த சந்தில் இருந்த முருகன் கோயில். அங்கே தொன்னை நிறைய வெண்பொங்கல். நெய் விரல் வழியாக முழங்கைக்கு ஓடியது. சரசு அதை என் கையில் கொடுத்து, "மிச்சம் வெக்காதீங்க, பாவம்" என்றாள்.

ஆஸ்பத்திரி வாசலிலேயே ஒரு குட்டிப் பிள்ளையார். வாட்ச்மேன் அரை வாழைப்பழம் நீட்டினார். ஆஸ்பத்திரிப் பிள்ளையாரே கொடுக்கிறார் என்றால் அதற்கு மேல் என்ன உத்தரவு வேண்டும்?

உள்ளே என்னை நிற்க வைத்து, டாக்டரம்மா ஊதா நிற மார்க்கரால் மார்பில் வட்டம் வட்டமாகக் கோடு போட்டார். விவரம் தெரிந்த பிறகு முதல் தடவையாக வெளியார் முன்னால் சட்டையில்லாமல் நிற்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு கந்தனைக் கூப்பிட்டேன். அப்புறம் பச்சை அங்கியைப் போட்டு வண்டியில் படுக்க வைத்தார்கள். மயக்க டாக்டர் வந்தார். பெரியவர். நெற்றியில் என்னைவிடப் பட்டையாகத் திருநீறு. பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது.

"கடைசியா எப்பங்க சாப்பிட்டீங்க?"

"நேத்து ஏழரைக்கு ரெண்டு இட்லிங்க. அப்புறம் பச்சைத் தண்ணி பல்லுல படலைங்க."

"நல்லது. வாயைத் தொறங்க, தொண்டையப் பார்க்கறேன்."

திறந்தேன். டார்ச் அடித்தார். குனிந்தார். இன்னும் குனிந்தார். மோந்து பார்த்தார்.

"இந்தக் கடவாப் பல்லுல என்னமோ மாட்டிட்டு இருக்குதுங்களே, அது என்னங்க?"

நாக்கால் துழாவினேன். "முந்திரிங்க."

"அது எங்கிருந்துங்க வந்துச்சு?"

"பொங்கல்ல இருந்துங்க."

அவர் டார்ச்சை அணைத்தார். "பொங்கல் எங்கிருந்து வந்துச்சு?"

எனக்குப் பொய் சொல்ல வராது. பஞ்சாமிர்தத்தில் ஆரம்பித்து வாழைப்பழம் வரைக்கும் வரிசையாக ஒப்பித்தேன். ஒப்பித்துவிட்டு, "ஆனா சாப்பாடு எதுவும் சாப்பிடலைங்க. எல்லாம் பிரசாதம்" என்று நியாயத்தையும் எடுத்துச் சொன்னேன். ஒரு நர்ஸ் முகத்தை மூடிக்கொண்டு வெளியே ஓடினார்.

பெரியவர் கோபப்படவில்லை. வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நானும் இன்னைக்குக் கோயிலுக்குப் போய்ட்டுத்தானுங்க வந்தேன். சாமி குடுத்ததுன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். உங்க வயித்துக்குத் தெரியாதுங்க. மயக்கத்துல அது மேல வந்து மூச்சுக்குழாய்ல எறங்குச்சுன்னு வெச்சுக்கங்க, அப்புறம் நீங்க நேராப் போய் முருகன் கையிலயே பிரசாதம் வாங்கிக்கலாம்."

அறுவை ரத்து. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து சஷ்டி கவசம் படித்துக்கொண்டிருந்த சரசு, நான் நடந்து வருவதைப் பார்த்ததும், "அதுக்குள்ள முடிஞ்சுருச்சுங்களா!" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

ஊதாக் கோடுகள் சோப்புக்குப் போகவில்லை. தேங்காய் எண்ணெய்க்கும் போகவில்லை. சாயங்காலம் நான் கிணற்றடியில் தேங்காய் நாரை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, காலேஜ் விட்டு வந்த கீர்த்தனா பின்கட்டுக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏனுங்கப்பா, நெஞ்சுல ஆருங்க கோலம் போட்டது?"

துண்டை எடுத்து மூடுவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. சரசு சத்தியத்தை மறந்து முழுக் கதையையும் கொட்டிவிட்டாள். முந்திரி வந்த இடத்தில் கீர்த்தனா சிரித்துச் சிரித்து, துவைக்கிற கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வேண்டுதலைச் சொன்ன இடத்தில் சிரிப்பு நின்றது.

"எனக்காக வேண்டுனதுங்களா? பதினேழு வருசமா இதை மனசுல வெச்சுட்டா ரெண்டு பனியன் போட்டுட்டுத் திரிஞ்சீங்க?"

"விடு கண்ணு, முருகன் பொறுமைசாலி" என்றேன்.

பதினைந்து நாள் கழித்து மறுபடி தேதி கொடுத்தார்கள். இந்தத் தடவை கீர்த்தனாவும் வந்தாள். சரசுவைப் பின் சீட்டுக்கு அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பஸ் எந்தக் கோயிலைத் தாண்டினாலும், "கன்னத்துல மட்டும் போட்டுக்குங்கப்பா, கை நீட்டாதீங்க" என்றாள். இறங்கும்வரை என் வலது கையை விடவே இல்லை. அவளுக்கு மூன்று வயதில் காய்ச்சலடித்தபோது அவள் கையை நான் அப்படித்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த அவிநாசி ரோட்டுப் பயணம் இன்றைக்கும் எனக்கு மனப்பாடம்.

மயக்க டாக்டர் முதல் வேலையாகக் கடவாய்ப் பல்லைப் பார்த்தார். பிறகு மூன்று வேலையும் சொன்னபடி சொன்ன நேரத்தில் முடிந்தன. ஒன்றரை மாதம் இறுக்கமான ஒரு பனியன் போட்டுக்கொண்டு நடந்தேன். (அதில் எனக்கு முன்னனுபவம் உண்டு.)

தைப்பூசத்தன்று மொட்டைத் தலையும் மஞ்சள் வேட்டியும் சந்தனம் பூசிய வெறும் மார்புமாகச் சென்னிமலைப் படி ஏறினேன். ஊரே என் மார்பைப் பார்க்கப்போகிறது என்று முதல் பத்துப் படி வரைக்கும் நினைத்தேன். ஒருவரும் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் போனவருக்கு நான் முன்பு இருந்ததைவிடப் பெரிய மார்பு. அது குலுங்கக் குலுங்க அவர் ஆடிக்கொண்டே போனார், அரோகரா என்று. சரசு பின்னாலிருந்து என் காதருகில் வந்து, "பார்த்தீங்களா மாமா" என்று மட்டும் சொன்னாள்.

பார்த்தேன். என்ன செய்ய? சின்ன வயதில் அவரோடு கிணற்றில் குளித்த பையன்கள் நல்ல பையன்களாக இருந்திருக்க வேண்டும்.

அடுத்த ஆவணியிலேயே கீர்த்தனாவுக்குக் கல்யாணம் ஆயிற்று. இப்போது பெங்களூரில் இருக்கிறாள். சம்பந்தி வீடு வரைக்கும் கதை பரவிவிட்டது. மருமகனுக்குச் சர்க்கரை. லட்டை எடுக்கும்போதெல்லாம், "மாமா சொன்னாருல்ல, பிரசாதம் சாப்பாட்டுல சேராது" என்கிறார். பேரன் சாப்பாட்டுக்கு முன்னால் பிஸ்கட் தின்று பிடிபட்டால், "இது பிரசாதம்" என்கிறானாம்.

வயிறு இன்னும் என்னோடுதான் இருக்கிறது. அதற்குத் தனியாக வரச் சொன்னார் டாக்டரம்மா. நான் போகவில்லை.

ஒவ்வொரு கிருத்திகைக்கும் கோயிலிலிருந்து வந்து நான் நாற்காலியில் உட்கார்வதற்குள் போன் அடிக்கும். வீடியோவில் கீர்த்தனாவின் முகம். சாப்பிட்டீர்களா என்று கேட்க மாட்டாள்.

"அப்பா, வாயைத் தொறங்க பாக்கலாம்."

நானும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, போனைப் பக்கத்தில் பிடித்து, நன்றாகத் திறந்து காட்டுகிறேன்.