புகைச் சீட்டு

"ஏலே நாகநாதா, அடுப்ப ஏன் அணைச்ச?"

"ஜீப்புல ஒருத்தரு ஃபைலோட வந்தாரு முதலாளி. வழக்கம்போல ரெண்டு வாளி தண்ணிய ஊத்திட்டேன். என்னத்தையோ அளந்துட்டுப் போயிட்டாரு."

ஹசன் அலிக்குத் தலை சுற்றியது. ஃபைலோடு யார் வந்தாலும் புகைக்குக் கேஸ் எழுதுவான், அடுப்பை அணைத்துவிடு என்று பதினெட்டு வருஷமாகச் சொல்லிக்கொடுத்தவர் அவரேதான். யாரைத் திட்ட?

ராமேஸ்வரத்தில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு விறகு பாய்லர். அதிலிருந்து மொட்டைமாடிகள் வழியாகக் கறுப்புக் குழாய் இழுத்து நான்கு லாட்ஜுகளுக்கு வெந்நீர் விட்டுக்கொண்டிருந்தார். கடலில் முங்கி எழுந்து வரும் வடக்கத்திக்காரர்கள் சித்திரையிலும் வெந்நீர் கேட்பார்கள். வீட்டில் உலை கொதிப்பது அதை நம்பித்தான்.

பாய்லரோ ஓட்டை. புதிதாக வாங்க வழியில்லாமல் விழித்துக்கொண்டிருந்தபோதுதான் கார்பன் கம்பெனிக்காரர் வீரமணி வந்தார். இப்போது விடும் புகையை அளப்போம், அதில் நீங்கள் குறைக்கிற அளவுக்குச் சீட்டு தருவோம், பெரிய ஆலைக்காரர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள், அதில் புது பாய்லரே வந்துவிடும் என்றார். ஹசன் அலி மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டார். படித்துவிட்டுப் போட்டிருக்கலாம். யார் படிக்கிறார்கள்?

அளக்க வந்த ஜீப்தான் அது. அவர் வீரமணிக்குப் போன் போட்டார்.

"உங்க அளவு பூஜ்யம்னு ஏறிருச்சு பாய். இனிமே நீங்க விடுற புகைக்கெல்லாம் நீங்கதான் சீட்டு வாங்கணும்."

"யார்ட்ட?"

"பெரிய ஆலைக்காரங்ககிட்ட. அவங்க குறைச்சு வச்சிருக்காங்க."

"ஊரையே புகையா ஆக்குறவன்கிட்ட நான் புகை வாங்கணுமா?"

"வியாழக்கிழமை மறுபடி அளக்கச் சொல்றேன். அன்னைக்கு நல்லா எரிய விடுங்க."

நல்லா என்றால் எவ்வளவு என்று அந்த மனுஷன் சொல்லித் தொலைக்கவில்லை. ஹசன் அலி பச்சைக் கருவேலத்தையும் நனைந்த தென்னை மட்டையையும் திணித்தார். தெருவே இருண்டுபோனது. அளக்கிறவர் வருவதற்குள் தெருக்காரர்கள் புகார் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் பாய்லருக்குப் பூட்டும் அரக்கு முத்திரையும் விழுந்தன.

"லாட்ஜுக்காரகளுக்கு என்ன சொல்ல முதலாளி?"

"ஒண்ணும் சொல்லாத. சொன்னா நாளைக்கே கரண்ட் ஹீட்டர் மாட்டிருவாக. மோட்டாரப் போடு. பச்சத் தண்ணியே போகட்டும்."

"எத்தன நாளைக்கு?"

"அல்லாவுக்குத்தான் வெளிச்சம்."

சித்திரை வெயிலில் காய்ந்துகொண்டிருந்த கறுப்புக் குழாய் வழியே பத்து நாள் பச்சைத் தண்ணீரே போனது. அவர் லாட்ஜ் பக்கம் தலை காட்டவில்லை. சோறு இறங்கவில்லை. "பொழப்பு போச்சு, எல்லாம் போச்சு" என்று மனைவி குல்சுமிடம் ஒரு நாளைக்கு நாலு தடவை புலம்பினார். அவளும் மறுக்கவில்லை.

பதினோராம் நாள் உச்சிவெயிலில் போன் அடித்தது. பெரிய லாட்ஜ் மேனேஜர் பாண்டித்துரை.

"பாய், நானும் பத்து நாளாப் பாக்குறேன். இங்கன வந்து தங்குறவுகெல்லாம் சத்தம் போடுறாக."

ஹசன் அலி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மன்னிச்சிருங்க தம்பி. நானே வந்து சொல்லலாம்னுதான்..."

"என்னத்தச் சொல்ல? தண்ணி சூடு தாங்கலையாம். விறகக் கொஞ்சம் கொறைச்சுப் போடுங்க பாய்."