நாங்கண்ணனின் ஏழாவது இன்டர்வியூ

‘நான்’ என்ற சொல்லை உச்சரிக்காமலே ஒரு மனிதன் முப்பத்திரண்டு வயது வரை வாழ்ந்துவிட முடியும் என்று நிரூபித்தவர், எங்கள் பீளமேடு ஹாஸ்டலில் இருந்த நாங்கண்ணன். காங்கேயத்துக்காரர். பம்ப்செட் கம்பெனியில் ஃபிட்டர். துண்டோடு கிளம்பும்போது, "நாங்க குளிச்சுப்போட்டு வாரமுங்க" என்பார். பின்னால் எட்டிப் பார்த்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அவருடைய கம்பெனியை மூடப்போவதாகத் தகவல் வந்ததும் வேறு வேலை தேடினார். ஆறு இன்டர்வியூ. ஆறும் ஊற்றிக்கொண்டது. அங்கே என்னதான் பேசுகிறார் என்று விசாரித்தேன்.

"ஒழுகுற பம்ப சரி பண்ணுனது யாருன்னு கேட்டாங்க. நாங்கதானுங்கன்னு சொன்னமுங்க."

"நாங்கன்னா யாருங்ண்ணா?"

"முருகேசு, டீக்கடைக்காரரு, அப்பறம் காங்கேயத்து ஆளு ஒருத்தரு."

"முருகேசு என்ன செஞ்சாரு?"

"அவரு அன்னிக்கு லீவுங்க."

நானே பயிற்சி கொடுக்க இறங்கினேன். "அண்ணா, ‘நான் இதைச் செஞ்சேன், அதனால இது நடந்துச்சு.’ இவ்வளவுதான் சொல்லோணும்."

கண்ணாடி முன்னால் நின்று, "நான்" என்றார். உடனே, யாராவது கோபித்துக்கொண்டார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

மூன்றாம் நாள் மடை உடைந்தது. "நான் ஃபேன் போட்டேன். அதனால காத்து வந்துச்சு." மெஸ்ஸில் வாளியைத் தூக்கிக்கொண்டு, "நான் சாம்பார் ஊத்துனேன். அதனால நாலு பேரு பசியாறுனாங்க." சமையல்கார அம்மா கரண்டியோடு வெளியே வந்து, "ஏனுங்க, அப்ப நான் எதுக்குங்க இங்க?" என்று கேட்டார்.

ஏழாவது இன்டர்வியூ மதுக்கரையில். போய்விட்டு வந்து சாவகாசமாகச் செருப்பைக் கழற்றினார்.

"பம்ப் எதனால ஒழுகுச்சுன்னு கேட்டாங்க. நான்தானுங்க தண்ணி கசியாம அடைக்கிற ரப்பர் சீலத் தலைகீழா மாட்டிப்போட்டேன்னு சொன்னேன்."

"அதைப் போயா சொல்லுவீங்க?"

"செஞ்சது நான்தானுங்களே! நானே போயி மேனேஜர்கிட்டச் சொன்னேன். வித்த பம்ப் அத்தனையும் ஊர் ஊராத் தேடிப்போயி, பிரிச்சு மாட்டுனேன். அதுக்கப்பறம் ஒண்ணுகூடத் திரும்பி வரலீங்க. அதையுஞ் சொன்னேன்."

"அவங்க?"

"ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாத்தாங்க. திங்கக்கெழம வேலைக்கு வந்துருங்கன்னுட்டாங்க."

சொன்னபடியே திங்கட்கிழமை பெட்டியோடு போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் மதுக்கரை பஸ்ஸில் ஏறினேன். அந்த ஊரில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. மனிதர் ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று பார்த்துவிட்டு வரலாமே என்றுதான்.