காந்தக்கையார் வெயிலுக்கு வந்தார்

ஊரே காந்தக்கையாரிடம் ஓடியது. தலையில் கை வைப்பாராம், முடங்கியவர் நடப்பாராம். வைத்த கைக்குக் காணிக்கை உண்டு என்பதை மட்டும் யாரும் உரக்கச் சொல்வதில்லை.

கணக்கு டீச்சரை அங்கே இழுத்துப் போனவள் அவளுடைய அக்கா. டீச்சருக்கு நரம்பு நோய். நரம்பின் மேலுறை அங்கங்கே அரித்துப்போய், மூளை சொல்வது காலுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராது. அதைவிடக் கொடுமை அந்தச் சோர்வு. குளித்துவிட்டு வந்தாலே மூட்டை தூக்கியவளைப் போலப் படுத்துவிடுவாள். "பார்த்தா நல்லாத்தானே இருக்கே, கொஞ்சம் சுறுசுறுப்பா இரேன்" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. அறிவுரையால் நோய் தீருமென்றால் அவள் எப்போதோ ஓட்டப்பந்தயத்தில் கோப்பை வாங்கியிருப்பாள்.

முதல் நாள் தள்ளாடிக்கொண்டு போனவள், கை வைத்துக் கொஞ்ச நேரத்தில் நேராக நடந்தாள். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. டீச்சரே சந்தோஷத்தில் அழுதுவிட்டாள்.

"ஊசியை நிறுத்திடும்மா. மருந்தும் என் சக்தியும் ஒரு உடம்புல ஒத்துப்போகாது" என்றார் காந்தக்கையார். பக்கத்தில் நின்ற தச்சர், தன் கைநடுக்க மாத்திரையை ஏற்கெனவே நிறுத்திவிட்டதாகப் பெருமையடித்தார்.

தெருமுனை தாண்டுவதற்குள் டீச்சருக்குக் கால் மறுபடி துவண்டது. நம்பிக்கை போதவில்லை என்றாள் அக்கா. வீட்டுக்கு வந்ததும் ஃப்ரிட்ஜிலிருந்த ஊசி மருந்தைத் தூக்கிப் போடவும் கிளம்பினாள். டீச்சர் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டாள். நோய் மேலும் பரவாமல் அந்த ஊசிதான் இழுத்துப் பிடிக்கிறது, விட்டால் கண்ணே போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அங்கே நடந்ததும் பொய்யில்லையே! யோசித்தாள். அந்த அறையில் ஏசி போட்ட போடில் சீடர்கள் ஸ்வெட்டரோடு அலைந்தது நினைவுக்கு வந்தது.

அடுத்த முறை கூட்டத்தின் நடுவே பணிவாகக் கேட்டாள். "ஐயா, சக்தி உங்க கையில இருக்கா, இந்த ரூம்ல இருக்கா?"

"கையிலதாம்மா. ரூம்ல என்ன இருக்கு?"

"அப்ப வாசல்ல வந்து வைங்க."

இத்தனை பேர் பார்க்க, முடியாது என்று எப்படிச் சொல்வார்? உச்சி வெயிலில் கை வைத்தார். அவர் வியர்வை அவள் மூக்கில் சொட்டியது. இன்னும் கொஞ்சம் வைக்கச் சொன்னாள். வைக்க வைக்க முழங்கால் மடங்கியது. கடைசியில் அக்காதான் தாங்கிப் பிடித்தாள்.

"நீங்க இங்கயே நில்லுங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டு, அக்காவின் தோளைப் பிடித்து உள்ளே போய் ஏசிக்கு நேரே உட்கார்ந்தாள். யாரும் தொடவில்லை. சற்று நேரத்தில் தன் காலாலேயே நடந்து வெளியே வந்தாள்.

"சூடு பட்டா என் நரம்பு படுத்துக்கும், குளிர்ந்தா கொஞ்சம் எழுந்திருக்கும். அவ்வளவுதான். நோய் அப்படியேதான் இருக்கு."

"நம்பிக்கை இல்லாதவங்ககிட்ட என் சக்தி வேலை செய்யாது" என்று காந்தக்கையார் முகத்தைத் துடைத்தார்.

"ஏசிக்கும் உங்க மேல நம்பிக்கை இல்லைங்க. அது வேலை செஞ்சுதே."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தச்சர் மட்டும் சிரிக்கவில்லை. நடுங்கும் கையோடு மருந்துக்கடைப் பக்கம் விறுவிறுவென்று நடந்தார். காந்தக்கையார் கார்க் கதவைத் தேடினார். அடுத்த ஊசி என்றைக்கு என்று அக்கா மெல்லக் கேட்டாள்.

செருப்பை மாட்டிக்கொண்டே ஒரு அம்மாள், பக்கத்துத் தெருவில் நெற்றியில் ஊதியே எல்லா நோயையும் தீர்க்கும் ஒருவர் வந்திருக்கிறார், போய்ப் பார்க்கலாமா என்று விசாரித்தாள்.

"தாராளமா போங்க. ஊதறதுக்கு முன்னாடி ஃபேனை மட்டும் நிறுத்தச் சொல்லிடுங்க" என்றாள் டீச்சர்.