ஒரு மூட்டை நெல்லும் மச்சானின் காரும்

எனக்கு ஒன்றும் தெரியாது என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு எந்தக் கூச்சமும் கிடையாது. என்ன, காரியம் கெட்ட பிறகுதான் ஒப்புக்கொள்வேன்.

கத்தாரில் இருக்கும் ஜாபர் மச்சான், அதாவது என் மனைவி ஜெரினாவின் அண்ணன், தன் காரைப் பாபநாசத்தில் என் பொறுப்பில் விட்டிருந்தார். மகளின் கல்யாணம், அந்த நிக்காவுக்கு ஊர் ஊராகப் போய் அழைக்க லீவில் வருகிறார். "மாப்ளே, வண்டி மட்டும் ரெடியா இருந்தாப் போதும்" என்பதுதான் அவர் கேட்ட ஒரே உதவி. அவர் வருவதற்கு முந்தைய வாரம், ஐப்பசி மழையில் முழங்கால் தண்ணீர் நின்ற தெருவில் காரை இறக்கினேன். இன்ஜின் விக்கியது, மஞ்சள் விளக்கு எரிந்தது.

மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்றாள் ஜெரினா. நான் விடுவேனா? (போனில் இரண்டு வீடியோ பார்த்திருந்தேனே!) பேட்டரி வயரைக் கழற்றினேன். இன்ஜினுக்கு மூளை மாதிரி இருக்கும் இசிஎம் பெட்டியைப் பிடுங்கி வந்து, சாப்பாட்டு மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். உள்ளே லேசாக ஈரம். பெரிய டாக்டர் போல உதட்டைப் பிதுக்கினேன்.

"என்னங்க கண்டுபிடிச்சீங்க?"

"தண்ணி பூந்துருக்கு. காய வச்சா சரியாப் போயிடும்."

நனைந்த போனை அரிசிக்குள் புதைப்பது ஊரறிந்த வைத்தியம். போனுக்கே ஒரு படி அரிசி என்றால் காருக்கு? கூடத்தில் அடுக்கியிருந்த நெல் மூட்டைகளில் ஒன்றைப் பிரித்து, பெட்டியை நட்டநடுவில் புதைத்து, எலி இழுத்துவிடக் கூடாதே என்று (முன்யோசனையைப் பாருங்கள்) சணல் போட்டுத் தைத்தும் வைத்தேன்.

மறுநாள் நெல் அவிக்க மில்லிலிருந்து லோடு ஆட்டோ வந்தது.

"எத்தனை மூட்டை பாய்?"

"எல்லாத்தையும் ஏத்துங்க!" சொன்னது நான். கடைசி மூட்டைக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டதும் சாட்சாத் நானேதான். (என் மூளையும் அந்த மூட்டைக்குள்தான் இருந்திருக்க வேண்டும்.)

அடுத்த நாள் சாயங்காலம், பெட்டி காய்ந்திருக்குமே என்று பார்க்கப் போனேன். பெட்டி இருக்கட்டும், மூட்டையையே காணோம். மில்லுக்குப் பறந்தேன்.

"வாங்க பாய்," என்றார் மில்காரர். "ஊறப்போட்டு அவிச்சும் ஆச்சு. உள்ள ஒரு தகர டப்பா கெடந்துச்சே, உங்களுதா?"

நன்றாக வெந்திருந்தது.

புதுப் பெட்டி வர நாளாகும் என்று கார் கம்பெனியில் கையை விரித்துவிட்டார்கள். ஆறடி உயர ஜாபர் மச்சான், என் ஸ்கூட்டரின் பின்சீட்டில் குடையைப் பிடித்தபடி உட்கார்ந்து மகளின் நிக்காவுக்கு ஊரையெல்லாம் அழைத்தார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை, அவமானத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

நிக்கா நல்லபடியாக முடிந்த வாரம், அந்த நெல்லை அரைத்த அரிசியில்தான் சோறு. சாப்பிடும்போது மச்சான் பல்லில் 'கடக்' என்று ஏதோ கடிபட்டது. எல்லோரும் மெல்லுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் அதை வாயிலிருந்து எடுத்துக் கழுவி, என் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"கல்லுன்னுதான் நெனைக்கிறேன். எதுக்கும் நீங்க ஒருதடவ பாத்துருங்க மாப்ளே. வண்டியோடதா இருக்கப்போவுது."

ஜெரினா சிரித்த சிரிப்பில் தண்ணீர் டம்ளர் உருண்டது. இன்றைக்கும் எங்கள் வீட்டில் சோற்றில் கல் கிடைத்தால் யாரும் தூக்கி எறிவதில்லை. என் தட்டின் ஓரத்தில் வைக்கிறார்கள். நானும் அதை வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறேன்.