லிட்டருக்கு முந்நூறு பேர்

உலகத்தில் தோட்டங்கள் எத்தனையோ இருக்கலாம். ஆனால் தன் தொழிலாளர்கள் மூச்சு விடும் காற்றைக்கூடச் சொந்தச் செலவில், மோட்டார் வைத்து, இருபத்து நான்கு மணி நேரமும் ஊதிக் கொடுத்த ஒரே நிர்வாகம் கேமரன் மலையில் நம் ஸ்டோன்லி தோட்டத்து நிர்வாகம்தான். பெயர்ப்பலகையில்தான் ஸ்டோன்லி, நம் வாயில் கல்லுத் தோட்டம். கரண்டு போனால் அந்தக் காற்றுக்கென்று தனி ஜெனரேட்டர் உண்டு. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் கரண்டு போனால் மெழுகுவத்தி. இதில் முரண்பாடு எதுவும் இல்லை. ஏனென்றால் காற்று பெற்ற தொழிலாளர்கள் லயத்தில் குடியிருக்கவில்லை.

அவர்கள் குடியிருந்தது சிமெண்டுத் தொட்டியில். பழைய துரை பங்களா மேட்டில் தோட்டத்தார் புதிதாகக் கட்டிய ஓட்டலுக்குப் பின்னால் அந்தத் தொட்டி இருக்கிறது. ஓட்டலின் அறுபது அறைக் கழிவுநீரும் அதில்தான் வந்து விழும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கோடிக்கணக்கில் உண்டு. அவை கழிவைத் தின்று, ஊதுகிற காற்றை இழுத்து, கொழுத்துக் கனத்து, அடுத்த தொட்டிக்குப் போய்ச் சேறாகப் படியும். மேலே தெளிந்த தண்ணீர் ஓடைக்குப் போகும். படிந்த சேற்றில் ஒரு பங்கை முதல் தொட்டிக்கே திருப்பி அனுப்பினால் மறுபடி வேலை தொடங்கும். இந்தச் சேற்றுக்குப் படித்தவர்கள் வைத்த பெயர் 'செயலூட்டிய கசடு'. லயத்தில் வைத்த பெயர் சாக்லேட் தண்ணி.

இதையெல்லாம் ஈப்போவில் மூன்று நாள் பயிற்சியில் கற்றுக்கொண்டு வந்தவன் நாலாம் லயத்துக் கடைசி வீட்டு அமல்தாஸ். தேயிலைக் கொழுந்து வெட்டும் இயந்திரத்தை இரண்டு பேர் இரண்டு முனையில் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒரு முனையைப் பதினோரு வருஷம் பிடித்ததில் அவனுக்கு நடுமுதுகு பிசகிப் போயிற்று. கெஞ்சிக் கூத்தாடித்தான் தொட்டி பார்க்கும் வேலையை வாங்கினான். ஆறு மாதம் சோதனைக் காலம். அது தேறினால் முதுகு பிழைக்கும். தேறாவிட்டால் மறுபடி இயந்திரத்தின் முனை.

பயிற்சி முடிந்து வந்தவனை மேனேஜர் குகனேஸ்வரன் அழைத்து விசாரித்தார். கோலாலம்பூரில் பிறந்தவர்தான், இருந்தாலும் நம் ஆட்கள் பழக்கதோஷத்தில் துரை என்பார்கள். அவரும் தடுத்ததில்லை.

"அதெல்லாம் உசுரோட இருக்கு தொரை. தின்னுது, மூச்சு விடுது, பெருகுது. ராப்பகலா வேல செய்யுது."

"லீவு?"

"கேக்காது தொரை."

"யூனியன்?"

"வாயே இல்ல தொரை."

துரை நெகிழ்ந்துபோனார். வாயில்லாமல் எப்படித் தின்னும் என்று அவர் கேட்கவில்லை. தனக்குப் பிடித்த பதிலைக் குறுக்கு விசாரணை செய்வது அவர் வழக்கமில்லை. இருபது வருஷமாகத் தேடிய லட்சியத் தொழிலாளி கடைசியில் கக்கூஸ் தண்ணீரில் கிடைத்துவிட்டான். அன்றைக்கே 'நுண்தொழிலாளர்' என்று பெயர் சூட்டி, செக்ரோலில் ஏற்றச் சொல்லி, ஆபீசில் கணக்கெழுதும் கிராணி மகேனுக்கு உத்தரவு போட்டார்.

செக்ரோல் என்றால் காலையில் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிடுகிற இடத்துக்கு, வந்த ஆட்களைக் குறிக்கிற பேரேடு. கோடிக்கணக்கான பேரை எப்படிக் கூப்பிட்டுக் குறிப்பது? கிராணி தலையைச் சொறிந்தார். அமல்தாஸ் ஈப்போ வழியைச் சொன்னான். காற்றுத் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் பழுப்புத் தண்ணீரைக் கோடு போட்ட கண்ணாடிக் குடுவையில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். சேறு எந்தக் கோடு வரை படிகிறதோ அதுதான் அவர்களின் சௌக்கியம். முந்நூறு இருந்தால் நல்லது.

கிராணி மறு பேச்சில்லாமல் எழுதினார்: ஆஜர், முந்நூறு பேர்.

அது முதல் ஆறரை மணிக்கு மனிதப் பெரட்டு, ஏழு மணிக்குக் குடுவைப் பெரட்டு. ஒரு நாள் சேறு இருநூற்றெண்பதில் நின்றது.

"மிச்சம் இருவது பேரு எங்க?" என்றார் கிராணி.

"காய்ச்சல் கிராணியாரே."

"கிளினிக் சீட்டு?"

மறுநாள் முந்நூற்றுப் பத்து. கிராணி இன்னும் கோபப்பட்டார். புதிதாகப் பத்துப் பேரை யாரைக் கேட்டு எடுத்தாய், துரைக்குத் தெரியுமா என்று பிடித்துக்கொண்டார். அதன்பிறகு அமல்தாஸ் ஜாக்கிரதையாகிவிட்டான். கூடினால் கூடுதலை விருந்தாளி என்று சொல்லிவிடுவான்.

இப்படிச் சுகமாகப் போய்க்கொண்டிருந்த குடித்தனத்தில் மழை மண்ணைப் போட்டது. நிஜமாகவே மண். கீழேயிருந்து மலையேறும் பாதையில் சரிவு விழுந்து, சுற்றுலாக் காடிகள், கார் பஸ் எல்லாம், நின்றன. ஓட்டல் காலி. அறுபது அறையிலும் ஆளில்லை என்றால் அறுபது கக்கூஸிலும் ஆளில்லை. தொட்டிக்கு வந்ததெல்லாம் காவலாளி ஒருவர் கொடுத்ததுதான். அவரும் மலச்சிக்கல்காரர்.

குடுவையில் சேறு இறங்கிக்கொண்டே வந்தது. இருநூற்று நாற்பது, நூற்று எழுபது, நூற்று இருபது. தின்ன எதுவும் இல்லாமல் அவை ஒன்றையொன்று தின்பதாக அமல்தாஸ் அறிவித்தான். துரை அவசரக் கூட்டம் கூட்டினார். கொழுந்து விலை விழுந்தபோதுகூட அவர் முகம் அவ்வளவு வாடியதில்லை.

"ஸ்ட்ரைக்கா?"

"இல்ல தொரை. பட்டினி."

"இருபதாம் தேதி இன்ஸ்பெக்ஷன், அமல்தாஸ். ஓட்டல் லைசென்ஸே இதுலதான் இருக்கு. அன்னிக்கு இருநூறுக்குக் கீழ இருந்துச்சுன்னா நீங்க திரும்ப மெஷின் பிடிக்கலாம்."

அமல்தாஸின் முதுகு அங்கேயே ஒரு முறை சுள்ளென்றது. அந்த வலியில்தான் அவனுக்கு அந்த யோசனை தோன்றியது என்று பிற்பாடு ஜெனட்டிடம் சொன்னான். ஜெனட் அவன் மனைவி. அவள் மூன்று வருஷமாகச் சமையலறைப் பின்கதவைத் திறந்தவளில்லை. கதவுக்கு வெளியேதான் நாலாம் லயத்துக் கக்கூஸ் தொட்டி. அது நிரம்பி, வழிந்து, வாழைக்கன்றைச் சுற்றி, தேயிலைக்குள் புகுந்து, ஓடையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. முன்வாசல் வழியாகச் சுற்றிப் போய்த் துணி காயப்போட அவள் ஐந்து செங்கல்லும் ஒரு பலகையும் போட்டுப் பாலம் கட்டியிருந்தாள். லயத்தார் கொடுத்த பதினேழு மனுக்களுக்கும் ஆபீசிலிருந்து ஒரே பதில்: 'தங்கள் விஷயம் கவனத்தில் உள்ளது'.

அங்கே சோறில்லாமல் சாகிறது. இங்கே சோறு வழிந்து ஓடுகிறது. நடுவே இருநூறு மீட்டர் குழாய். அமல்தாஸ் கூட்டத்தில் எழுந்து அதைச் சொன்னான்.

துரை அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். நம் நுண்தொழிலாளர்கள் வெண்ணெய், ஸ்கோன், ஸ்ட்ராபெரி ஜாம் சாப்பிடுகிறவர்களின் கழிவில் வளர்ந்தவர்கள் என்று விளக்கினார். லயத்தில் சாப்பிடுவது கருவாடும் சம்பலும். அந்தக் காரத்தை அவர்கள் தாங்குவார்களா? ஒரு தராதரம் வேண்டாமா? கிராணி மூன்று முறை தலையாட்டி, 'தராதரம்' என்று குறித்துக்கொண்டார்.

முதலில் கடைச் சாப்பாடு போட்டுப் பார்ப்பது என்று தீர்மானமாயிற்று. அரிசிக் கஞ்சி, சீனி, டின் பால், நாய் பிஸ்கெட். ஆயாக் கொட்டகையில் லயத்துப் பிள்ளைகளுக்குப் பால் நிறுத்திப் பதினைந்து வருஷம் ஆகிறது. நிறுத்திய அதே நிர்வாகம் டின் டின்னாகப் பால் உடைத்து ஊற்றியதைப் பார்த்தவர்களுக்கு, தாய்மை என்பது என்னவென்று விளங்கியிருக்கும். தொட்டியில் இடுப்பளவு நுரை எழுந்தது. மறுநாள் பெரட்டில் தொண்ணூறு பேர்.

அதன்பிறகுதான் 'இறக்குமதி' என்ற மாபெரும் முடிவு வந்தது. பிரிஞ்சாங் டவுனில் உள்ள நட்சத்திர ஓட்டல் ஒன்றிலிருந்து உயர்தரக் கழிவை லோரியில் தருவிப்பது. கக்கூஸ் தொட்டி உறிஞ்சும் லோரி வைத்திருந்த முனியாண்டிக்கு உத்தரவு போயிற்று.

முனியாண்டி நேரே அமல்தாஸ் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"தொரைக்கு யாரு சொல்றது? அங்க ஓட்டலும் காலி லா. பாதை மூடுனது அவனுக்கும்தான. உறிஞ்சுனா காத்துதான் வருது."

அமல்தாஸ் இரண்டு கையாலும் முதுகைப் பிடித்துக்கொண்டான். இன்னும் பதினாறு நாள். ஜெனட் தேத்தண்ணியை வைத்துவிட்டு, போய்ப் பின்கதவின் தாழ்ப்பாளை நீக்கினாள். மூன்று வருஷத்து வாடை உள்ளே வந்து மூவரையும் நலம் விசாரித்தது. அந்தத் தொழிலிலேயே தலை நரைத்த முனியாண்டி துண்டால் மூக்கைப் பொத்தினார்.

"இந்தா இருக்குண்ணே சரக்கு," என்றாள் ஜெனட்.

"தங்கச்சி, இது லயத்து சாமானு. தொரை கேட்டது ஸ்டார் ஓட்டல் சாமானு."

"இங்க ரொப்பிக்கிட்டு, கியா பார்ம் வரைக்கும் ஒரு சுத்து சுத்தி, ஓட்டல் முன் கேட்டு வழியா வாங்க. தூரத்துலேர்ந்து வந்தா எல்லாமே ஒசத்திதான் லா."

முனியாண்டிக்கு ஒரே ஒரு தயக்கம். ஒவ்வொரு நடைக்கும் எங்கே எடுத்தது என்று சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். லைசென்ஸ் விஷயம், சீட்டில் மட்டும் அவர் பொய் எழுத மாட்டார். அமல்தாஸ் சிரித்தே விட்டான். "உள்ளதையே எழுதுங்கண்ணே. கிராணியார்தான சாப்பு குத்துறாரு." முத்திரை குத்துவதும் படிப்பதும் இரண்டு தனித்தனி உத்தியோகம் என்பது கிராணி மகேனின் கொள்கை என்று தோட்டத்துக்கே தெரியும்.

அப்படியே நடந்தது. நாலாம் லயத்துச் சரக்கு ஸ்ட்ராபெரிக் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டே மலையைச் சுற்றிவிட்டு, ஓட்டல் முன்வாசல் வழியாக, காவலாளியின் சலாமோடு உள்ளே நுழைந்தது. கிராணி ஒவ்வொரு சீட்டுக்கும் பளிச்சென்று சாப்பு குத்தினார். அமல்தாஸ் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டியில் விட்டான். நூற்று முப்பது. இருநூறு. இருநூற்று அறுபது. பத்தொன்பதாம் தேதி காலை முந்நூற்று இருபது.

துரை குடுவையை வெயிலில் பிடித்துப் பார்த்தார்; கண் கலங்கியது. "பாத்தீங்களா? இதான் தராதரம். நீங்க லயத்துலேர்ந்து குழாய் போடச் சொன்னீங்க." அமல்தாஸ் தலை குனிந்தான். வெட்கப்படுகிறான் என்று துரை நினைத்துக்கொண்டார்.

இருபதாம் தேதி, மலைமேல் பிரிஞ்சாங் ஆபீசிலிருந்தே, அதிகாரி வந்தார். ரூபினி என்று பெயர். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், பேச்சு குறைவு. குடுவையைப் பார்த்தார், முகர்ந்தார், மழை பெய்த மண் வாசம் என்றார். ஓட்டல் காலியாக இருக்கும்போது எப்படி இவ்வளவு செழிப்பு என்று கேட்டார். துரை இதற்காகவே காத்திருந்தவர்போல, நட்சத்திர ஓட்டலையும் வெண்ணெயையும் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். பேசி முடித்ததும் அதிகாரி லோரிச் சீட்டுகளைக் கேட்டார். கிராணி பெருமையோடு கட்டாக எடுத்து நீட்டினார்.

அதிகாரி முதல் சீட்டைப் படித்தார். இரண்டாவதைப் படித்தார். பிறகு சத்தமாகவே படித்தார்.

"எடுத்த இடம், ஸ்டோன்லி தோட்டம், நாலாம் லயம், பின்பக்கம். எல்லாத்துலயும் இதான் இருக்கு. ஆபீஸ் சாப்பு இருக்கு."

துரை கிராணியைப் பார்த்தார். கிராணி அமல்தாஸைப் பார்த்தார். அமல்தாஸ் குடுவையைப் பார்த்தான்.

"அப்ப லயத்துக் கழிவு இங்க வர்றதில்லையா?" என்றார் அதிகாரி. "இவ்வளவு நாளா எங்க போய்க்கிட்டு இருந்துச்சு? ஓடைக்கா? கீழ லெம்பா பெர்த்தாம்ல காய்கறி போட்டுருக்காங்களே." சொல்லிக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினார்.

அந்த மூடி கழன்ற சத்தத்தில் துரைக்கு ஞானம் பிறந்தது. லயத்துக்குக் குழாய் போடும் திட்டம் எப்போதோ தீர்மானமாகிவிட்டது, இது அதற்கான சோதனை ஓட்டம், இதோ நிற்கிற அமல்தாஸின் யோசனைதான், அவருக்கு நேற்றே வேலை நிரந்தரமாகிவிட்டது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். அதிகாரி, சரி, இரண்டு வாரத்தில் வந்து குழாயைப் பார்க்கிறேன் என்று எழுதிக்கொண்டு போனார்.

ஒன்பதே நாளில் குழாய் வந்தது. லயத்துத் தொட்டி வற்றியது. ஜெனட் பலகையை எடுத்து விறகாக்கினாள். செங்கல்லின் மேல் பச்சைமிளகாய்ச் செடி வைத்தாள். பின்கதவு இப்போது நாள் முழுக்கத் திறந்தே கிடக்கிறது. ஆபீஸ் அறிவிப்புப் பலகையில் கூட்டக் குறிப்பு ஒன்றும் ஒட்டப்பட்டது: 'நுண்தொழிலாளர்களின் உணவு நலன் கருதி நாலாம் லயத்துக்குக் குழாய் அமைக்கப்பட்டது'.

லயத்தில் எல்லோரும் அதைப் படித்துவிட்டுப் போனார்கள். ஜெனட் மட்டும் நின்று இரண்டு தடவை படித்தாள்.

"ஏங்க, நம்ம பேருல பதினேழு மனு. ஒண்ணும் வரல. அதுங்க பேருல ஒண்ணுகூடக் குடுக்கல. வந்துருச்சு."

அன்று மாலையே அவள் சொல்லச் சொல்ல அமல்தாஸ் எழுதினான்: 'லயத்துக் கூரைகள் ஒழுகுவதால் மழைநீர் குழாயில் இறங்கி, நுண்தொழிலாளர்களின் உணவு நீர்த்துப் போகிறது.' எட்டு வருஷமாக ஒழுகிய கூரைக்கு நான்காம் நாள் புதுத் தகரம் வந்தது. துரையே நின்று மேற்பார்வை பார்த்தார். இப்படிப்பட்ட கருணையைப் பெற்ற தோட்டம் மலையில் வேறு உண்டா?

போன திங்கட்கிழமை இரண்டாவது மனுவும் உள்ளே போயிருக்கிறது. அதில் சம்பளம் என்ற சொல் மருந்துக்கும் இல்லை. ஜெனட் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கிராணி இந்த முறை சாப்பு குத்துவதற்கு முன் படித்தாராம். மனு இவ்வளவுதான்:

'ஐயா, நாலாம் லயத்தில் நாங்கள் அரை வயிறுதான் சாப்பிடுகிறோம். ஆகவே தங்கள் தொழிலாளர்களுக்கு வந்து சேருவதும் பாதிதான்.'