நடுவில் நிற்கும் மன உறுதி

தையல் தொழிற்சாலையின் கூட்ட அறையில் நாற்காலி போதவில்லை. மேற்பார்வையாளர்கள் ஜன்னல் திட்டில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். கணக்குப் பிரிவு மொத்தமும் கதவைப் பூட்டிவிட்டு வந்திருந்தது. எல்லாம் நட்சத்திரக்காரரைப் பார்க்கத்தான். பெற்றோர் வைத்த பெயர் வேறு. எந்தத் தகவலைக் கொடுத்தாலும் கணினியில் போட்டு, எண்ணுக்குப் பக்கத்தில் மூன்று நட்சத்திரக் குறிகளை வரவழைத்துவிடுவார் என்பதால் இந்தப் பட்டம். மூன்று குறி வந்தால் முடிவு உறுதி என்று அர்த்தமாம். போன மாதம் பக்கத்து ஆலையில் அப்படி வந்தபோது சிலர் எழுந்தே நின்றுவிட்டார்களாம்.

ஆய்வு அதிகாரி கடைசி வரிசையில் இருந்தாள். தொழிற்சாலையின் புள்ளிவிவரங்களைத் தொகுப்பது அவள் வேலை. காலையில் சாப்பாட்டு அறையில், அங்கேயே தையல் வேலை பார்க்கும் நாத்தனார் அவளைப் பிடித்துக்கொண்டுவிட்டாள்.

"அண்ணி, காப்பகத்தை மூடப் போறாங்களாமே. பாப்பாவை எங்க விடுவேன்? தையல் மெஷினுக்கு அடியிலயா?"

"இன்னும் முடிவாகல. இரு, பார்க்கலாம்."

"நீங்க பார்க்கலாம்னு சொன்னாத்தான் அண்ணி எனக்குப் பயம். நீங்க எப்பவும் பார்த்துக்கிட்டேதான் இருப்பீங்க."

விஷயம் இதுதான். தொழிற்சாலைக்கு இரண்டு கட்டிடங்கள். முதல் கட்டிடத்தில் குழந்தைகள் காப்பகம் உண்டு, இரண்டாவதில் இல்லை. முதல் கட்டிடத்துப் பெண்கள் ஒழுங்காக வேலைக்கு வருகிறார்கள். இரண்டாவதில் எப்போதும் யாராவது விடுப்பு. ஏன் என்று கண்டுபிடிக்க முதலாளி நட்சத்திரக்காரரை அழைத்தார். அவரும் எல்லாப் பெண்களிடமும் 'உங்களுக்கு மன உறுதி எவ்வளவு?' என்று மதிப்பெண் போடச் சொல்லி வாங்கிக்கொண்டு போனார்.

இன்று தீர்ப்பு நாள். அவர் திரைக்கு முன்னால் வந்து கையை உயர்த்தினார்.

"முதல்ல காப்பகத்தையும் வருகையையும் மட்டும் வெச்சுக் கணக்குப் போட்டேன். பலமான தொடர்பு. அப்புறம் மன உறுதியை நடுவுல சேர்த்தேன். காப்பகத்தோட பங்கைக் காட்டுற எண் அப்படியே சுருங்கிப் போச்சு. என்ன அர்த்தம்? காப்பகம் மன உறுதியைக் குடுக்குது, மன உறுதி ஆளை வேலைக்குக் கூட்டிட்டு வருது. அப்ப மன உறுதியை நேராவே குடுத்துட்டா, காப்பகம் எதுக்கு?"

அறை சொக்கிப் போனது. மன உறுதியை நேராகக் கொடுக்க ஒரு வகுப்பு இருந்தது. அதை நடத்துபவரும் அவரேதான். பக்கத்து ஆலையில் நூல் ஏன் அடிக்கடி அறுகிறது என்று கேட்டபோதும் நடுவில் நின்றது மன உறுதிதான். எந்த நோய்க்கும் தன் கடை மருந்தையே எழுதித் தருகிற வைத்தியரை நாம் சந்தேகப்படுவோம். அதையே கணினி எழுதித் தந்தால் கைதட்டுவோம்.

ஆய்வு அதிகாரி எழுந்தாள்.

"சார், என்கிட்ட இன்னொரு தகவல் இருக்கு. பேர் எதுவும் இப்ப சொல்ல முடியாது. அட்டவணையில அ, ஆ, இ-ன்னு மூணு பத்தி. அ-வால ஆ வந்து, ஆ-வால இ வருதான்னு பார்த்துச் சொல்றீங்களா?"

"தாராளமா."

கணக்கு ஓடியது. அ-வின் எண் சுருங்கியது. மூன்று நட்சத்திரங்களும் வந்து உட்கார்ந்தன.

"சந்தேகமே இல்ல. அ காரணம், இ விளைவு. ஆ நடுவுல நின்னு வேலை செய்யுது."

"உறுதியா சார்?"

"எண் பொய் சொல்லாதும்மா."

"இது நம்ம தொழிற்சாலைத் தகவல்தான் சார். ஆ, நீங்க சொன்ன மன உறுதி. மத்த ரெண்டையும் மட்டும் இடம் மாத்தி வெச்சேன். அ, ஒழுங்கா வேலைக்கு வர்றது. இ, காப்பகம். அதாவது உங்க கணக்குப்படி, பொண்ணுங்க ஒழுங்கா வேலைக்கு வந்தாங்க, அதனால மன உறுதி வந்துச்சு, அந்த மன உறுதியால அவங்க கட்டிடத்துல காப்பகம் முளைச்சிடுச்சு."

இரண்டாம் கட்டிடத்து மேற்பார்வையாளர் மெய்யாகவே சந்தேகம் கேட்டார். "அப்ப நாங்களும் உறுதியா இருந்தா எங்களுக்கும் முளைக்குமா?"

முதலாளியின் முகம் சிவந்தது. "காப்பகத்தைக் கட்டினது எங்கப்பா. இந்தப் பொண்ணுங்கள்ல பாதிப் பேர் அப்ப வேலைக்கே சேரல."

"தகவலைத் தலைகீழாக் குடுத்தா எப்படிம்மா?" என்றார் நட்சத்திரக்காரர், கைக்குட்டையைத் தேடிக்கொண்டே.

"தலைகீழா இருக்குன்னு உங்க கணக்கு சொல்லலையே சார். எது முன்னாடி நடந்தது, எது பின்னாடின்னு அதுக்குத் தெரியாது. மூணும் சேர்ந்து ஏறி இறங்கினா, எந்தப் பக்கத்துலேர்ந்து போட்டாலும் ஒண்ணு நடுவுல நிக்கும். கவலையில்லாம வேலைக்கு வர முடிஞ்சவங்க, மன உறுதிக்கு நிறைய மார்க் போடத்தான் செய்வாங்க."

"அப்ப நிஜமா நடுவுல இருக்கறது என்ன?" என்று முதலாளி கேட்டார்.

"எனக்குத் தெரியாது சார். ரெண்டாவது கட்டிடத்துலயும் ஒரு காப்பகம் திறங்க. திறக்கறதுக்கு முன்னாடியும் பின்னாடியும் நான் கணக்கு எடுக்கறேன். அப்ப தெரியும்."

முதலாளி தாடையைத் தடவினார். பிறகு, இருக்கும் காப்பகத்தை மூடும் பேச்சை விட்டு, வகுப்புக்கு ஒதுக்கிய பணத்தைப் புதுக் காப்பகத்துக்கே மாற்றச் சொன்னார்.

நட்சத்திரக்காரர் கணினியை மடித்துக்கொண்டு கிளம்பினார். இரண்டு மேற்பார்வையாளர்கள் வாசல்வரை அவர் பையைத் தூக்கிக்கொண்டு போய், அந்த வகுப்பு வேறெங்காவது நடக்குமா என்று பணிவாக விசாரித்தார்கள். கணினி, கேட்ட கணக்கைப் போட்டுத் தரும். எது முன்பு, எது பின்பு என்று கேட்க வேண்டியது தலை. அதைத் தொப்பி மாட்ட மட்டும் வைத்திருப்பவர்கள் இருக்கும்வரை நட்சத்திரக்காரருக்குத் தொழில் படுக்காது.