பாட்டிலுக்குள் வந்த பெட்ரோல்

படீர்!

சத்தம் கேட்டு உதவியாளர் அக்கா எரிபொருள் பரிசோதனைக்கூடத்துக்குள் ஓடிவந்தாள். சுற்றிலும் கண்ணாடிச் சில்லு. நடுவே பரிசோதகர், நனைந்த பேண்ட்டோடு.

"எதை சார் உடைச்சீங்க?"

"பெட்ரோல் பங்க் சாம்பிள்க்கா! இது பாஸாகிற வரைக்கும் அந்த பங்க் முதலாளி ஒரு சொட்டு விற்கக்கூடாது. வாசல்லேயே உட்கார்ந்திருக்கார். அதிகாரி வந்து கேட்டா தரையையா காட்டறது?"

ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியவர். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

துண்டை எடுத்துத் துடைத்தார். அறையே நாறியது. ஜன்னலைத் திறந்தார். வாடை நேராகப் பக்கத்து அறைக்குள் போனது.

"என்னய்யா அங்க நாத்தம்?" அதிகாரியின் குரல்.

"டெஸ்ட் ஆரம்பிக்கப் போறேன் சார்!"

"இரு, நானும் வர்றேன்."

போச்சு!

"உங்க வண்டியிலேர்ந்து எடுத்து ஊத்துங்க சார்."

"நான் பஸ்ஸுல வர்றவன்க்கா!"

ஜன்னலுக்கு வெளியே முதலாளியின் பைக் நின்றது. முதலாளி வண்டியில் முதலாளி பெட்ரோல்! வேலையும் தப்பும், நியாயமும் கெடாது. வேறு பாட்டிலோடு ஓடினார். ரப்பர் குழாயை விட்டு உறிஞ்சியதில், முதல் மடக்கு அவர் தொண்டைக்கே போய்விட்டது.

சோதனை முடியும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அதிகாரி என்ன கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினார்.

"அடேயப்பா!" என்றார் அதிகாரி. "இவ்வளவு சுத்தமான பெட்ரோலை நான் பார்த்ததே இல்லை!"

முதலாளியே நம்பாமல் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இதைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பறேன். பங்க் டேங்க்லேர்ந்து இன்னொரு பாட்டில் எடுத்து, ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும்."

பதறிப்போன பரிசோதகர் வாயைத் திறந்தார். கூடவே ஓர் ஏப்பம். பெட்ரோல் ஏப்பம்.

அதிகாரி மூக்கைப் பொத்தினார். "குடிச்சிருக்கியா?"

"பெட்ரோல்தான் சார்!" பரிசோதகர் உடைந்துபோனார். "சாம்பிள் கை நழுவிடுச்சு. பயத்துல இவர் பைக்லேர்ந்து உறிஞ்சிட்டேன். மன்னிச்சிடுங்க!"

"உன்னை அப்புறம் வச்சுக்கறேன்" என்று பல்லைக் கடித்த அதிகாரி, முதலாளி பக்கம் குழைந்தார். "நீங்க தப்பா எடுத்துக்காதீங்க. எப்படியும் உங்க பங்க் பெட்ரோல்தானே?"

தன் வண்டியிலிருந்து திருடிவிட்டார்கள் என்ற ஆத்திரத்தில் முதலாளி குதித்தார்.

"எதிர்ப் பங்க்ல காசு கொடுத்துப் போட்டது சார் அது! என் பங்க் பெட்ரோலை என் வண்டிக்கே ஊத்த எனக்கென்ன பைத்தியமா?"